நகையைக் கழற்றும் முன் படகைத் தட்டிப் பாருங்கள்

கரையோர ஊர்களில் வாழும் எமது குடும்பங்களில், வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாகப் பெருந்தொகைப் பணம் இறங்கும் விடயம் எதுவென்று கேட்டால், படகு வாங்குவது என்றே பெரும்பாலும் பதில் வரும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் தொடக்கம் பொத்துவில் வரை, வடக்கே கிண்ணியா, மூதூர், மேற்கே கற்பிட்டி, பேருவளை என்று எங்கு போனாலும் இதே கதைதான். வீடு கட்டும்போது நாம் எத்தனை பேரிடம் ஆலோசனை கேட்கிறோம்! மேசன் ஒருவர், ஓடாவி ஒருவர், காணி உறுதியைப் பார்க்க நொத்தாரிசு ஒருவர். படகு வாங்கும்போது மட்டும் ஏதோ ஒரு சாயங்கால நேரத்தில், கடற்கரை மணலில் நின்றபடி, பத்து நிமிடப் பேச்சில் காரியம் முடிந்து விடுகிறது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சகோதரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீட்டுக் காசு கொஞ்சம், சேமிப்பு கொஞ்சம், மிச்சம் கழுத்திலும் கையிலும் இருந்து கழற்றப்படுகிறது. நகை பெண்ணின் தனிச் சொத்து. அதைக் கேட்டு வாங்கும் கணவருக்கு மனமுவந்து கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்பது குறையாகாது. அதுவும் அந்தப் படகில் கடலுக்குப் போகப் போவது தன் கணவரும் மகனும் என்னும்போது, கேளாமல் இருப்பதுதான் குறை.

மஃரிபுக்குப் பின் பல வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"இஞ்ச பாரு புள்ள, நல்ல போட் ஒண்டு விலைக்கு வந்திருக்கு. பெயின்ட் எல்லாம் புதுசா அடிச்சி வெச்சிருக்காங்க. மெசினும் ஒரே இழுவையில ஸ்டார்ட்."

"ஆராவது தெரிஞ்ச ஆக்கள் பார்த்தாங்களா?"

"நான் பார்த்தன். மச்சானும் பார்த்தாரு. இன்னும் ஆரு பாக்கணும்?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இக்கட்டுரையில் பதில் தேடுகிறோம்.

சர்வே என்றால் என்ன?

சர்வேயர் என்றதும் எமது நினைவுக்கு வருபவர் சங்கிலியும் கையுமாகக் காணி அளக்க வரும் நில அளவையாளர்தான். படகு, கப்பல் துறையிலும் சர்வேயர் என்று ஒருவர் உண்டு. அவர் படகை அளக்க வருபவர் அல்லர். அதன் உடம்பைப் பரிசோதிக்க வருபவர். ஒரு வைத்தியர் நோயாளியைத் தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது போல, படகின் அடி, பக்கம், பின்பலகை, பொருத்துகள், குழாய்கள், மின் இணைப்புகள் எல்லாவற்றையும் பார்த்து, உடனே திருத்த வேண்டியது எது, பொறுத்துத் திருத்தலாம் என்பது எது என்று ஓர் அறிக்கை தருவார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய படகு வாங்குபவர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். படகின் நீளத்தை அடியால் பெருக்கிக் கட்டணம் கேட்பது அங்குள்ள சர்வேயர் பலரின் வழக்கம்.

இது நேற்று முளைத்த பழக்கமல்ல. இலண்டனில் எட்வேர்ட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் கூடிய கப்பல் வணிகர்கள் 1760 ஆம் ஆண்டு ஒரு சங்கத்தை அமைத்து, கப்பல்களைப் பரிசோதித்து அவற்றின் உடம்புக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று தரம் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார்கள். இதைவிடப் பழைய செய்தி ஒன்றும் உண்டு. ஹிஜ்ரி 450 இல் மறைந்த இமாம் மாவர்தி அவர்கள், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளைச் சொல்லும்போது, கப்பல்காரர்கள் தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றாமலும், கடுங்காற்றில் புறப்படாமலும் தடுப்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். கடலில் போகும் பொருளை அதன் சொந்தக்காரரின் வார்த்தையை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது என்பது எமது முன்னோருக்கும் தெரிந்திருந்தது.

கணவரும் மச்சானும் பார்த்தது போதாதா?

இருவருக்கும் கடல் தெரியும், வலை தெரியும், காற்றுத் தெரியும். அதில் சந்தேகமில்லை. ஆனால் படகின் மேல்தோலுக்குக் கீழே நடப்பது வேறு விடயம். கண்ணாடியிழைப் படகு என்பது கண்ணாடி நூலால் ஆன பாயைப் படை படையாக விரித்து, ரெசின் ஊற்றி இறுக வைத்து, வெளியே ஜெல் கோட் எனும் பளபளப்பான தோல் பூசிச் செய்யப்படுவது. அந்தப் படைகளுக்கு இடையில் தண்ணீர் இறங்கினால், ஒன்றைவிட்டு ஒன்று கழன்றால், உள்ளே வைத்த பலகை உக்கினால், வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு கை பெயின்ட் போதும், இரண்டு வருட நோயை மூடி விடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. வாங்க வந்தவர் படகை நெருங்கும் முன்பே மனதால் வாங்கி விடுகிறார். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் ருசியாக இருந்தால் மற்றது எல்லாம் ருசியாகத் தெரிவது போன்றது இது. வாங்குவதிலும் விற்பதிலும் எந்த இலாபமும் இல்லாத மூன்றாவது ஒருவரின் கண் இங்கு தேவைப்படுகிறது. விற்பவர், "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரைக் கூட்டி வருகிறேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். பரிசோதிப்பவருக்குக் காசு கொடுப்பது வாங்குபவராக இருக்க வேண்டும்; அறிக்கையும் வாங்குபவரின் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும்.

விற்பவர் உறவினராக இருந்தால் சங்கடம் கூடுகிறது. "மாமாட போட்டை ஆள் வெச்சிப் பாக்குறதா?" என்று கூச்சப்படுவோம். உண்மையில் உறவு கெடுவது பரிசோதனையால் அல்ல, வாங்கி மூன்றாம் மாதம் அடியில் தண்ணீர் கசியும்போதுதான். அதேபோல, கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்து பணம் அனுப்பி, "காக்காவோட கதைச்சி ஒரு போட் எடுங்க" என்று சொல்லும் வீடுகள் இன்று குறைவல்ல. அப்படியான வேளையில் வீட்டிலிருக்கும் பெண்ணின் கையில், எழுத்தில் உள்ள ஓர் அறிக்கை இருப்பது அவளுக்கும் நல்லது, காக்காவுக்கும் நல்லது. நாளை ஒருவரையொருவர் குறை சொல்ல இடமிருக்காது.

நோய் ஒளிந்திருக்கும் இடங்கள்

நீங்கள் கடற்கரைக்குப் போகாவிட்டாலும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். கேள்வி வீட்டிலிருந்தே வரலாம்.

முதலில் பின்பலகை. வெளியிணைப்பு இயந்திரத்தை மாட்டும் அந்த இடத்தில்தான் பழைய படகுகள் அதிகமாகக் கெட்டுப் போகின்றன. பார்வைக்கு முழுவதும் கண்ணாடியிழை போலத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் பிளைவுட் பலகை இருக்கும். இயந்திரத்தைப் பூட்டப் போட்ட துளைகளின் வழியே உப்புத்தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி அந்தப் பலகையை ஊறவைத்து உக்க வைக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. இயந்திரத்தைப் பூட்டிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்ட வேண்டும். பின்பலகை இயந்திரத்தோடு சேர்ந்து அசைந்தால் அல்லது மூலைகளில் மயிரிழை வெடிப்புகள் விரிந்து சுருங்கினால், உள்ளே சுகமில்லை. சந்தேகம் தீராவிட்டால், விற்பவரின் சம்மதத்தோடு உட்புறமாக ஒரு சிறு துளை இட்டுப் பார்ப்பதுண்டு. காய்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. கறுத்த ஈரமான தூள் வந்தால் அந்தப் பலகை முழுவதையும் வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டிவரும். அது அரைநாள் வேலையுமல்ல, சில்லறைச் செலவுமல்ல. நடுக்கடலில் இயந்திரத்தோடு பின்பலகை பிரிந்தால் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, தட்டிப் பார்த்தல். ஒரு நாணயக்குற்றியாலோ சிறு மரச்சுத்தியலாலோ படகின் அடியையும் பக்கங்களையும் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் "டிக் டிக்" என்று கூர்மையான சத்தம் தரும். படைகள் கழன்ற இடமும் தண்ணீர் ஊறிய இடமும் "தொப்" என்று மந்தமாகச் சத்தமிடும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கும் கைக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். சர்வேயர்கள் ஈரத்தை அளக்கும் கருவியும் வைத்திருப்பார்கள். ஆயினும் அவர்களும் முதலில் கையில் எடுப்பது சுத்தியலைத்தான்.

மூன்றாவது, அடிப்பக்கம். கிழக்குக் கரையில் படகைத் தினமும் மணலில் இழுத்து ஏற்றி இறக்குகிறோம். மணல் என்பது அரத்தாள் மாதிரி. வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, அடியின் நடுவே நீளமாக ஓடும் மேட்டில் ஜெல் கோட்டும் போய், இழையும் வெளியே தெரியத் தொடங்கும். இதன் மேல் புட்டி போட்டுப் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். ஆகவே மணலில் குந்தியிருக்கும் படகைச் சுற்றி வந்து பார்ப்பது பார்ப்பதே அல்ல. நாலுபேர் பிடித்துச் சரித்து வைத்து, அடியை முழுதாகப் பார்க்க வேண்டும். களப்பிலோ துறைமுகத்திலோ எந்நேரமும் தண்ணீரில் கட்டப்பட்டிருக்கும் படகுகளுக்கு வேறொரு நோய். தண்ணீர் ஜெல் கோட்டுக்குள் ஊடுருவி, அம்மைக் கொப்புளம் போலச் சிறுசிறு கொப்புளங்களை எழுப்பும். ஒன்றைக் குத்திப் பார்த்தால் புளித்த வினாகிரி வாசத்தோடு ஒரு திரவம் வடியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, விலையைக் குறைக்கலாம். அடி முழுக்கப் பரவியிருந்தால் விட்டு விடுவதே மேல்.

படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்காக இருக்கைகளுக்குக் கீழும் அணியத்திலும் அடைக்கப்பட்ட அறைகள் இருக்கும். சிலவற்றில் நுரைப்பஞ்சு நிரப்பியிருப்பார்கள். அந்தப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி ஊறியிருந்தால் படகு காரணமில்லாமல் பாரமாக இருக்கும், ஆபத்து நேரத்தில் உதவவும் மாட்டாது. "தூக்க எத்தனை பேர் தேவைப்பட்டது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இதே அளவுப் படகை ஆறு பேர் இழுக்கும்போது இதற்கு மட்டும் ஒன்பது பேர் தேவைப்பட்டால் மிச்சம் மூன்று பேரும் எதை இழுக்கிறார்கள்?

இங்கு சுனாமிப் படகுகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாட்டின் மீன்பிடிப் படகுகளில் அரைவாசிக்கும் மேற்பட்டவை அழிந்தோ சேதமடைந்தோ போயின. அடுத்த ஓரிரு வருடங்களில் உதவி நிறுவனங்கள் படகுகளை அள்ளிக் கொடுத்தன. தேவை அவசரமானது, புதிது புதிதாகப் படகு கட்டும் இடங்கள் முளைத்தன. அவற்றில் சிலவற்றின் தரம் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே அப்போது கவலை தெரிவித்து, படகு கட்டுவோருக்குப் பயிற்சிகளையும் நடத்தியது. நல்ல படகுகளும் கொடுக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காலத்துப் படகு ஒன்று விலைக்கு வந்தால், அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது என்பதையும், அது எந்த இடத்தில் கட்டப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும். நிறம் பூசாத படகானால் வெயிலில் சரித்து வைத்து உள்ளே இருந்து பாருங்கள். ஒளி ஒரே சீராக வராமல் அங்கங்கே பளிச்சென்று வந்தால், அவ்விடங்களில் படை மெல்லிசு.

இயந்திரம் ஒரு தனிக் கதை

படகின் உடம்பைப் பார்ப்பவர் இயந்திரத்தைத் தோண்டிப் பார்க்க மாட்டார். அதற்கு மெக்கானிக் வேண்டும். "ஒரே இழுவையில ஸ்டார்ட்" என்ற வார்த்தையை நம்புவதற்கு முன், நீங்கள் போகும்போது இயந்திரம் குளிர்ந்திருந்ததா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் வரும் முன் ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். ஓடும்போது பின்னால் மெல்லிய தண்ணீர்த் தாரை பீறிட வேண்டும். அது வராவிட்டால் குளிரூட்டும் வழி உப்பால் அடைபட்டிருக்கலாம். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால், அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் மானி மெக்கானிக்கிடம் இருக்கும். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் இயந்திரமானால் செலவுக் கணக்கையும் புதிதாகப் போடுங்கள். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதை எந்தக் கரையோரக் குடும்பமும் மறந்திருக்காது. தேய்ந்த இயந்திரம் அதிகம் குடிக்கும். மலிவாகக் கிடைத்த படகு ஒவ்வொரு நாளும் தன் விலையைக் கூட்டிக்கொண்டே போகும்.

எப்போது யாரை அழைப்பது?

எல்லாப் படகுக்கும் கொழும்பிலிருந்து சர்வேயர் ஒருவரை வரவழைக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பதினெட்டு, இருபது அடி நீளமான ஒருநாள் படகில் ஒளித்து வைக்க அதிக இடமில்லை. அதற்கு ஊருக்கு வெளியே கண்ணாடியிழைப் படகு கட்டும் அனுபவசாலி ஒருவரையும், வெளியிணைப்பு இயந்திரம் திருத்தும் மெக்கானிக் ஒருவரையும் ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போனால் போதும். ஊருக்கு வெளியே என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் விற்பவரின் முகத்துக்காக வாயை மூடிக்கொள்ள நேரிடும். இந்தக் கூலியை வீண் செலவு என்று சொல்பவர்கள், ஒரு பின்பலகை மாற்ற எவ்வளவு முடியும் என்று அதே பாஸிடம் விசாரித்துப் பார்க்கட்டும்.

ஆனால் உள்ளிணைப்பு இயந்திரம் பூட்டிய பலநாள் படகு என்றால் எமது அபிப்பிராயம் வேறு. அங்கே முறையான சர்வே இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. அப்படகுகளின் விலை இன்று கோடிக்கணக்கில் போகிறது. டீசல் இயந்திரம், அதன் தாங்கு மேடை, சுழலித் தண்டு, அது வெளியே வரும் இடத்தின் கசிவு, எரிபொருள் தாங்கி, மின்சாரம், வானொலித் தொடர்பு, கண்காணிப்புக் கருவி என்று பார்க்க வேண்டியது ஏராளம். மீன் வைக்கும் ஐஸ் அறையின் சுவர்களுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு மட்டுமே ஒரு பெரிய விடயம். ஐஸ் உருகிய தண்ணீர் வெடிப்புகளின் வழியே அதற்குள் இறங்கினால், படகு பாரமாவதோடு ஐஸும் சீக்கிரம் கரையும். பல நாட்கள் பாடுபட்டுப் பிடித்த மீன் கரைக்கு வரும்போது தரம் இழந்திருக்கும். இதையெல்லாம் படகைக் கரைக்கு இழுத்து ஏற்றி, முழு நாளும் செலவிட்டுப் பார்க்க வேண்டும். இழுத்து ஏற்றும் செலவு வழக்கமாக வாங்குபவரின் பொறுப்பு.

வங்கிக் கடன் எடுப்பவர்கள் ஒரு விடயத்தில் குழம்பிக் கொள்கிறார்கள். "வங்கியே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டது" என்று நிம்மதி அடைகிறார்கள். வங்கி அனுப்புபவர் பார்ப்பது படகின் பெறுமதியை. நாளை கடன் கட்டாவிட்டால் விற்று எடுக்க முடியுமா என்பதே வங்கியின் கவலை. உங்கள் மகன் அதில் பாதுகாப்பாகப் போய்வருவானா என்பது அதன் கவலையல்ல. பெறுமதி அறிக்கை வேறு, நிலைமை அறிக்கை வேறு. விற்பவர் காட்டும் இரண்டு வருடத்துக்கு முந்திய சர்வே அறிக்கையும் அப்படித்தான். அதற்குப் பிறகு அந்தப் படகு எத்தனை தடவை பாரில் மோதியதோ!

சர்வேயரும் மறைவானதை எல்லாம் அறிந்தவரல்லர். பலகை கழற்றாமல், துளை இடாமல் பார்க்க முடியாத இடங்களை "பார்க்கவில்லை" என்று அறிக்கையில் எழுதி விடுவார். அந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். பார்த்த இடங்களின் பட்டியலைவிடப் பார்க்காத இடங்களின் பட்டியல் சில வேளை அதிகம் பேசும்.

கடதாசியும் சட்டமும்

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். அணியத்தின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். ஓ.எப்.ஆர்.பி. என்று தொடங்கினால் வெளியிணைப்புக் கண்ணாடியிழைப் படகு, ஐ.எம்.யூ.எல். என்றால் உள்ளிணைப்புப் பலநாள் படகு. அந்த இலக்கத்தோடும், இயந்திரத்தில் பொறித்திருக்கும் தொடரிலக்கத்தோடும் கடற்றொழில் பரிசோதகரின் அலுவலகத்துக்குப் போனால், படகு யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கலாம். விற்பவர் பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் வேறொன்று என்றால் முற்பணம் கொடுக்காதீர்கள். ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, லீசிங் பாக்கி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வாங்கிய பின் குறை தெரிந்தால் வழக்குப் போடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரியல்லாத தனிநபர் ஒருவரிடம் வாங்கும் பொருளின் தரத்துக்குப் பொதுவாக எந்த உத்தரவாதத்தையும் தருவதில்லை. வாங்குபவரே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் போக்கு.

எமது மார்க்கச் சட்டம் இவ்விடயத்தில் வாங்குபவருக்குக் கூடுதலாகவே இடமளிக்கிறது. தெரிந்த குறையை மறைத்து விற்பது பாவம். தானியக் குவியலின் மேல்பகுதி காய்ந்திருக்க, நபி (ஸல்) அவர்கள் கையை உள்ளே விட்டு ஈரத்தை எடுத்துக் காட்டி வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எமக்கெல்லாம் தெரியும். காய்ந்த பெயின்டுக்குக் கீழே ஊறிய பலகையும் அதே குவியல்தான். எமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லி வைப்பதும், படகு போன்ற பொருளில் அவரைக் காப்பாற்றாது. ஆனால் அந்த உரிமைக்கு நிபந்தனைகள் உண்டு. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். தெரிந்த பின்னும் படகைக் கடலுக்கு இறக்கிக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். வாங்கியவரின் கையில் புதிதாக இன்னொரு குறை ஏற்பட்டிருந்தால், திருப்பி எடுக்கும்படி விற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விடயம் நட்டஈட்டுக்குத் திரும்பும். விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறைச் சிக்கல் எதுவென்றால், ஒரு மாதம் ஓடிய படகில் எந்த வெடிப்பு பழையது, எது புதியது என்று யார் சொல்வது? விற்கும் நாளில் எழுதப்பட்ட பரிசோதனை அறிக்கை இருந்தால் மட்டுமே அதற்கு விடையிருக்கிறது.

பேரம்

பரிசோதனை செய்தால் விற்பவர் கோபித்துக்கொள்வார், படகு கைநழுவிப் போகும் என்ற பயம் உண்டு. முதலில் விலையைப் பேசி முடித்து, "பரிசோதனையில் பெரிய குறை ஒன்றும் இல்லாவிட்டால் இந்த விலை" என்று இரண்டு சாட்சிகளோடு எழுதி, ஒரு சிறு தொகையை மட்டும் முற்பணமாகக் கொடுத்து வைத்தால் இருவருக்கும் பாதுகாப்பு. குறை வந்தால் மூன்று வழி: அவரே திருத்தித் தருவது, திருத்தும் செலவை விலையில் கழிப்பது, முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகுவது. எப்போது முற்பணம் திரும்பும் என்பதையும் அந்தக் கடதாசியிலேயே எழுதி விடுங்கள். நல்ல படகு வைத்திருப்பவருக்கு இதில் நட்டமில்லை. தட்டிப் பார்க்கவே விடமாட்டேன் என்பவரின் படகை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். கிழக்கில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்க, படகுகள் கரையேறி நிற்கும். மேற்கிலும் தெற்கிலும் மே முதல் செப்டம்பர் வரை சோளகம் அடிக்கும்போது அதே நிலை. தொழிலில்லாத அம்மாதங்களில் பணத் தட்டுப்பாட்டால் படகுகள் மலிவாக விலைக்கு வருகின்றன. அடியைச் சரித்துப் பார்க்க அதுவே மிக வசதியான காலம். ஆனால் கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே உடம்புப் பரிசோதனையை அப்போது முடித்து, கடல் தணிந்த முதல் வாரத்தில் இயந்திரத்தைப் பூட்டி, வழமையான சுமையோடு ஒரு மணித்தியாலமாவது ஓட்டிப் பார்த்த பிறகுதான் மிச்சப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்துக்கான எண்ணெய்ச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். படகில் ஏறுபவர் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று அன்றே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்; விலையில் அதுவும் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் நகை அதுவரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.